முறுவலும் முன்பல்லும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களிலே குழந்தைக்கு முதற்பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவிப்பது வழக்கம். அரிசிமாக் கொழுக்கட்டையின் விளிம்பிலே தேங்காய்ச் சொட்டைப் பல்லுப் போலச் சீவிப் பதிப்பார்கள். குழந்தையை நடுவில் இருத்தி, தலைக்கு மேலே வெள்ளைத் துணியைப் பிடித்துக் கொழுக்கட்டையைச் சொரிவார்கள். முன்னால் புத்தகம், பேனை, கண்ணாடி, நகை என்று பரப்பி வைத்து, பிள்ளை எதை எடுக்கிறது என்று பார்ப்பார்கள். ஆறேழு வயதிலே அந்தப் பால்பல் விழுந்தால், அணிலிடம் புதுப்பல் கேட்டுக் கூரைமேல் எறியச் சொல்வார்கள். ஒரு பல் வருவதற்கும் சடங்கு, போவதற்கும் சடங்கு.

இப்படிப் பல்லைக் கொண்டாடுகின்ற நாங்கள்தாம், அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போனதும் "மிதப்பல்லன்", "ஓட்டைப்பல்லன்", "காவிப்பல்லி" என்று பட்டம் சூட்டுகின்றோம். பெண் பார்க்கப் போனவர் திரும்பி வந்து சொல்லும் முதற் குறையும் பெரும்பாலும் பல்லைப் பற்றியதாகத்தான் இருக்கும். இன்றைக்கு இந்தப் பல்லைப் பற்றியும் சிரிப்பைப் பற்றியும் உங்களோடு சிறிது பேசலாம் என்று நினைக்கின்றேன். இலக்கிய நிகழ்ச்சியிலே பல் வைத்தியம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். முதலில் சொற்களிலிருந்து தொடங்குகின்றேன்.

தமிழிலே 'முறுவல்' என்றால் புன்சிரிப்பு. அதே சொல்லுக்குப் பல் என்ற பொருளும் உண்டு. 'மூரல்' என்றாலும் சிரிப்பு. அதற்கும் பல் என்ற பொருள் உண்டு. 'நகை' என்பது சிரிப்பு, ஒளி, பல், முத்து, அணிகலன் என்று பல பொருள் தரும் சொல். சிரிப்பையும் பல்லையும் நம் முன்னோர் வேறு வேறாகப் பார்க்கவில்லை என்பதற்கு இந்த மூன்று சொற்களுமே சாட்சி. நாடகத் தமிழுக்கு இலக்கணம் சொன்ன நூல்களில் 'முறுவல்' என்ற பெயரிலேயே ஒரு நூல் இருந்து மறைந்துபோயிற்று என்பதைச் சிலப்பதிகாரத்துக்கு உரைகண்ட அடியார்க்குநல்லார் மூலம் அறிகின்றோம்.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டென வகுத்து, முதலாவதாக நகையை வைத்தார். அழுகை அதற்குப் பிறகுதான் வருகின்றது. அந்த நகை நான்கு காரணங்களால் பிறக்கும் என்றும் சொன்னார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். நேயர்களே, இந்த நான்கில் முதலில் நிற்பது எள்ளல். ஒருவரை இகழ்ந்து சிரிக்கின்ற சிரிப்பு. சிரிப்பின் இலக்கணத்திலே முதற் காரணமாக அதை ஏன் வைத்தார் என்பது எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. நெடுந்தீவிலே நான் படிப்பித்த ஒரு மாணவிதான் அதை எனக்கு விளக்கினார்.

அந்தக் கதைக்கு முன் என் பல்லின் கதையைச் சொல்லவேண்டும். 1990-களின் தொடக்கத்திலே தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது எனக்குப் பத்து வயதளவில் இருக்கும். இரவிலே வள்ளம் ஏறுகின்ற நெரிசலில், கால் வழுக்கி, வள்ளத்தின் விளிம்பிலே முகம் அடிபட்டது. மேல்வரிசை முன்பல் ஒன்று பாதியாக உடைந்தது. உயிர் தப்பியதே பெரிது என்றிருந்த காலத்தில் பாதிப் பல்லுக்கு யார் கவலைப்படுவார்கள்? நாளடைவிலே அந்தப் பல் செத்துக் கறுத்தது. நான் வாயை மூடிச் சிரிக்கப் பழகிக்கொண்டேன். பிறகு சிரிக்காமலே இருக்கப் பழகிக்கொண்டேன். பட்டதாரி ஆசிரியனாக நியமனம் பெற்றபோது மாணவர்கள் என்னைக் கண்டிப்பானவர் என்று நினைத்தார்கள். அந்தக் கண்டிப்பில் பாதி கறுத்த பல்லின் வேலை என்பது எனக்கு மட்டும் தெரியும். என் கலியாணப் படங்களிலே ஒன்றிலாவது எனக்கு வாய் திறந்திருக்காது.

முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் அந்தப் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்து, கிரவுண் போட்டுக்கொண்டேன். கிரவுண் என்றால் மகுடம். பல்லின் மேற்பகுதியைச் சுற்றிவர அராவிச் சிறிதாக்கி, அச்செடுத்து, பக்கத்துப் பல்லின் நிறத்தோடு ஒப்பிட்டு, ஆய்வுகூடத்திலே செய்வித்து, தொப்பி போல மாட்டிச் சீமெந்து வைத்து ஒட்டிவிடுகின்ற உறை. அதை மாட்டிய அன்று நான் பஸ்ஸிலே ஊருக்கு வரும்போது, யன்னல் கண்ணாடியிலே எத்தனை தரம் சிரித்துப் பார்த்தேன் என்று எண்ணிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கின்றது.

இந்த மகுடத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு வந்த எங்கள் பாட்டனார் தலைமுறையிலே தங்கப்பல் ஒரு பெருமை. என்னுடைய பேரனார் ஒருவர் தங்கப்பல் தெரியவேண்டும் என்பதற்காகவே சிரிப்பார் என்று வீட்டிலே சொல்வார்கள். பல்லின் நிறத்திலேயே பீங்கானால் உறை செய்யும் முறையை அமெரிக்காவின் டெட்ராயிட் நகரத்துப் பல் வைத்தியர் சார்ள்ஸ் லாண்ட் 1880-களிலே உருவாக்கி, 1889-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய மகளின் மகன்தான் 1927-இல் தனியாக அத்திலாந்திக் சமுத்திரத்தை இடைநில்லாமல் விமானத்திலே கடந்த சார்ள்ஸ் லின்ட்பேர்க். 1928-இல் கலிபோர்னியாவின் சார்ள்ஸ் பின்கஸ் என்ற வைத்தியர் சினிமா நடிகர்களுக்குப் படப்பிடிப்பு நேரத்தில் மட்டும் ஒட்டிக் கழற்றக்கூடிய மெல்லிய பல் மேற்பூச்சுகளைச் செய்து கொடுத்தார். அன்றைக்கு நடிகருக்கு மட்டும் தேவைப்பட்ட சிரிப்பு, கைத்தொலைபேசியிலே கமெரா வந்த பிறகு எல்லோருக்கும் தேவைப்படுகின்றது.

இனி அந்த மாணவியிடம் வருகின்றேன்.

வவுனியாவிலே பிறந்து, எட்டு வயதளவில் பெற்றோரோடு சொந்த ஊரான நெடுந்தீவுக்குத் திரும்பிய பிள்ளை. நல்ல குரல், நல்ல உச்சரிப்பு. கட்டுரை எழுதினால் அவருடைய கொப்பியைத்தான் நான் கடைசியாகத் திருத்துவேன். நல்லதை ஆறுதலாக வாசிக்கலாம் என்று. ஆனால் பேச எழுந்தால் இடக்கை தானாக வாய்க்கு முன்னே வந்துவிடும். கூச்சம் என்று நினைத்தேன்.

ஒருநாள் வகுப்பிலே, பற்களை முத்துக்கு ஒப்பிடுகின்ற நம் இலக்கிய மரபை விளக்கிக்கொண்டிருந்தேன். இந்தப் பிள்ளையை எழுப்பி ஒரு கேள்வி கேட்டேன். கையால் வாயை மறைத்தபடி மறுமொழி சொன்னார்.

"கையை எடும் பிள்ளை. வாய்க்குள்ள என்ன, முத்தே ஒளிச்சு வைச்சிருக்கிறீர்?" என்றேன்.

வகுப்புச் சிரித்தது. பின்வாங்கிலிருந்து ஒரு குரல், "முத்தில்லை சேர், காவிக்கல்லு!" என்றது. மறுபடியும் சிரிப்பு. பிள்ளை கையை எடுத்தார். அப்போதுதான் பார்த்தேன். மேல்வரிசைப் பற்கள் எல்லாவற்றிலும் தவிட்டு நிறக் கோடுகள். இடையிடையே சுண்ணாம்பு தெளித்தாற்போல வெள்ளைத் திட்டுகள். ஒரு கணம் காட்டிவிட்டு இருந்துவிட்டார். அழவில்லை. அந்த வாரத்தில் பேச்சுப்போட்டிக்குக் கொடுத்திருந்த பெயரை வெட்டிவிட்டார்.

இருபது வருடம் வாயைப் பொத்தி வாழ்ந்த நான், இன்னொரு பிள்ளையின் கையை எடுக்கச் சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்தேன். எள்ளலைத் தொல்காப்பியர் ஏன் முதலில் வைத்தார் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கிற்று. அதற்கு வாயும் வேண்டாம், வன்மமும் வேண்டாம். ஒரு வாத்தியாரின் பகிடி போதும்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். கல்வேலிக்கு உள்ளே சின்ன வீடு. தாயார் என்னைக் கண்டதும், "மாஸ்ரர், பிள்ளை நல்லா மினுக்குறவள்தான். வேப்பங்குச்சி, உமிக்கரி, உப்பு எல்லாம் போட்டுத் தேய்ச்சும் போகுதில்லை" என்று தானே குற்றவாளி போலச் சொன்னார். அந்தச் சொல் என்னை மேலும் சுட்டது. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று படிப்பிக்கின்ற நாங்கள், கறை படிந்த பல்லைக் கண்டால் உடனே அழுக்கு என்று தீர்மானித்துவிடுகின்றோம். அந்தப் பிள்ளையின் பல்லிலே இருந்தது அழுக்கல்ல, ஒரு கிணறு.

இதைச் சிறிது விளக்கவேண்டும். 1901-இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்குப் போன பிரெடெரிக் மக்கே என்ற பல் வைத்தியர், அந்த ஊரிலே பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் பற்களிலே தவிட்டு நிறக் கறை இருப்பதைக் கண்டார். தேய்த்தாலும் போகாத கறை. மூன்று தசாப்தங்கள் அவர் காரணத்தைத் தேடினார். 1931-இல் சேர்ச்சில் என்ற இரசாயனவியலாளர் குடிநீரிலே மிகுதியாகக் கலந்திருந்த புளோரைட்டுத்தான் காரணம் என்று கண்டறிந்தார். சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியிலே இந்த நோய் இருப்பது 1937-இல் பதிவாயிற்று. தமிழ்நாட்டிலே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இதனால் நெடுங்காலம் பாதிக்கப்பட்டமையால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை அமைத்துக் காவிரி நீரைக் கொண்டுபோனார்கள். எங்கள் நாட்டிலே அநுராதபுரம், பொலனறுவை, வவுனியா போன்ற உலர்வலயப் பகுதிகளின் கருங்கற் பாறைக்குள்ளே ஊறி வரும் நிலத்தடி நீரிலே பல இடங்களில் புளோரைட்டு அதிகம். குடிநீரிலே அது லீற்றருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை.

இதிலே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. முரசுக்குள்ளே நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டிருக்கின்ற காலத்தில், அதாவது ஏறத்தாழ எட்டு வயதுக்குள்ளே குடித்த தண்ணீர்தான் பல்லிலே இந்தக் கறையை எழுதும். அதற்குப் பின்னர் ஊர் மாறினாலும் தண்ணீர் மாறினாலும் எழுத்து அழியாது. சிறிய அளவிலே புளோரைட்டு பல்லைச் சூத்தையிலிருந்து காக்கும் என்பதும் உண்மை. அளவு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம். இடம்பெயர்ந்த தாயார் கிடைத்த கிணற்றிலே அள்ளிக் கொடுத்தார். அதற்குப் பட்டம் சூட்டி நாங்கள் சிரித்தோம்.

நான் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆசிரியன் மாணவியிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கமல்ல, தாயார் பதறிப்போனார். பிறகு என்னுடைய முன்பல்லைக் காட்டி, "இது பொய்ப்பல்லு பிள்ளை. உம்மைப் போல நானும் கனகாலம் வாயைப் பொத்திக்கொண்டு திரிஞ்சனான்" என்றேன். பிள்ளை நெடுநேரம் என் பல்லைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்:

"சேர், இதைப் போட்ட பிறகுதானோ நீங்கள் சிரிக்கத் தொடங்கினனீங்கள்?"

"ஓம்" என்றேன். வேறென்ன சொல்வது? அகத்தின் அழகுதான் அழகு என்று கரும்பலகையிலே எழுதிப் போட்டவன் நான்.

ஒரு மாதம் கழித்து, தாயாரையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாண நகரத்துக்குப் போனோம். நெடுந்தீவிலிருந்து பல் வைத்தியரிடம் போவதென்றால் அது ஒரு முழுநாள் பயணம். விடியப் படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸிலே புங்குடுதீவு, வாணர் தாம்போதி, வேலணை, பண்ணைப் பாலம் என்று போகவேண்டும். பின்னேரப் படகைத் தவறவிட்டால் இரவு தங்க இடம் தேடவேண்டும்.

பார்த்த டொக்டர் ஒரு பெண். பொறுமையாகப் பரிசோதித்தார். பிள்ளை முதலில் கேட்டது, "எனக்கும் சேரைப் போலக் கிரவுண் போடலாமோ?" என்பதுதான். டொக்டர் சிரித்துக்கொண்டு சொன்ன மறுமொழி எனக்கு இன்றும் நினைவிருக்கின்றது.

"தங்கச்சி, உங்கட சேரின்ர பல்லு உடைஞ்சு செத்த பல்லு. அதுக்குக் கிரவுண் வேணும். உங்கட பல்லுகள் உயிரோட, உறுதியா இருக்கு. நிறம் மட்டும்தான் மாறியிருக்கு. நல்ல பல்லைச் சுத்திவர அராவினா, அராவினது திரும்ப வளராது. உங்கட வயசில பல்லுக்குள்ள இருக்கிற நரம்பும் மேலுக்கே இருக்கும். அவசரப்படக்கூடாது."

பிறகு வழிகளைப் படிப்படியாகச் சொன்னார். மேலோட்டமான கறையை மிக மெல்லிய அளவிலே உரைஞ்சி எடுக்கலாம். எஞ்சியதை வெளிறச் செய்யலாம். அதற்கும் போகாத இடத்திலே பல்லின் நிறமுள்ள பசைபோன்ற பொருளைப் பூசி ஒளியால் இறுக்கலாம். பல்லின் முன்பக்கத்துக்கு மட்டும் மெல்லிய பீங்கான் ஓடு ஒட்டுவது அதற்கு அடுத்த படி. கிரவுண் என்பது கடைசிப் படி. அதுவும் பல வருடம் கழித்துத் திரும்பவும் மாற்ற வேண்டியது. இந்த ஒழுங்கை நேயர்கள் மனதிலே வைத்திருப்பது நல்லது. பிரித்தானியாவிலிருந்து துருக்கிக்குப் பறந்து போய், ஒரே வாரத்திலே நல்ல பற்கள் எல்லாவற்றையும் அராவி வெள்ளைக் கிரவுண் மாட்டிக்கொண்டு வருகின்ற ஒரு நாகரிகம் அண்மைக் காலத்திலே பரவியிருக்கின்றது. இளம் பிள்ளைகள் பின்னர் பல்வலியோடும் செலவோடும் அல்லற்படுகின்றார்கள் என்று அந்நாட்டுப் பல் வைத்தியர் சங்கமே எச்சரித்திருக்கின்றது. வெளிநாட்டுச் சொந்தங்களின் படங்களைப் பார்த்து இங்கேயும் பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

சிகிச்சைக்கு யூன் மாதத்தில் ஒரு திகதி தந்தார்கள். பிள்ளையின் முகத்திலே ஒரு வெளிச்சம். பேச்சுப்போட்டிப் பட்டியலிலே திரும்பவும் பெயரை எழுதிக்கொண்டார். தமிழ்மொழித்தின வலய மட்டப் போட்டி அந்தத் திகதிக்குப் பத்து நாள் பின்னர்தான். எல்லாம் சரியாக வந்துவிட்டது என்று நானும் நினைத்தேன்.

ஆனால் சோளகக் காற்று வேறு கணக்குப் போட்டது. சிகிச்சை நாளன்று கடல் கொந்தளித்தது, படகு ஓடவில்லை. அடுத்த திகதி போட்டிக்குப் பிறகுதான் கிடைத்தது. "விருப்பமில்லையென்றால் பேச வேண்டாம் பிள்ளை, நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்" என்று சொன்னேன். "யோசிச்சுச் சொல்லுறன் சேர்" என்றார்.

போட்டி நாளன்று கடல் அடங்கியிருந்தது. பிள்ளை வந்தார்.

கொடுத்த தலைப்பு தண்ணீரைப் பற்றியது. நான் திருத்திக் கொடுத்த பேச்சு மனனமாக இருந்தது. மேடையேறியதும் இடக்கை வாய்க்கு முன்னே போயிற்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன். நெடுந்தீவின் உவர்க் கிணறுகள், சாராப்பிட்டியின் நல்ல தண்ணீர், குடம் சுமக்கின்ற பெண்கள் என்று பேச்சு ஓடிற்று. நடுவிலே குரல் திடீரென்று தெளிந்து ஒலிப்பதைக் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். கை கீழே இறங்கியிருந்தது. நான் எழுதிக் கொடுக்காத ஒரு பகுதியை அவர் பேசிக்கொண்டிருந்தார். தண்ணீர் நல்லதா கெட்டதா என்று கிணற்றைப் பார்த்தால் தெரியாது, தன்னுடைய வாயைப் பார்த்தால் தெரியும். தான் குடித்த கிணறு தன் பல்லிலே எழுதியிருக்கின்றது. இதற்கு ஒருவர் சிரிப்பதானால் தன்னைப் பார்த்தல்ல, சுத்தமான தண்ணீர் கொடுக்காத உலகத்தைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று சொன்னார். சொல்லிவிட்டுப் பல் தெரியச் சிரித்தார். மண்டபத்திலே ஒருவரும் சிரிக்கவில்லை.

முப்புரத்தை எரிக்கச் சிவபெருமான் அம்பு தொடுக்கவில்லை, சிரித்தார் என்று நம் புராணம் சொல்லும். நாள்தோறும் முதலில் வணங்குகின்ற பிள்ளையாரோ ஏகதந்தர், ஒற்றைக் கொம்பர். ஒடிந்த கொம்பை எழுத்தாணியாக்கிப் பாரதம் எழுதினார் என்று சொல்கின்றோம். காரைக்காலம்மையார் தம்முடைய அழகை உதறிவிட்டுப் பேயுரு வேண்டிப் பெற்றார்; எலும்பும் பல்லும் துருத்திய அந்த உருவத்தைத்தான் சிற்பிகள் வார்த்தார்கள், நாங்கள் தொழுகின்றோம். கோயிலிலே இவற்றைக் கும்பிட்டுவிட்டு வகுப்பிலே காவிப்பல்லி என்று சிரிக்கின்ற எங்களைப் பற்றி நான் யோசித்தேன்.

போட்டியிலே அவருக்கு இரண்டாமிடம்தான். நேரம் கடந்து பேசியதற்குப் புள்ளி குறைத்துவிட்டார்கள். அது நடுவர்களின் விதி. எனக்கு மனக்குறை இல்லை.

இந்தக் கதையை இந்த இடத்திலே முடித்தால், பல் வைத்தியமே தேவையில்லை, மனத்துணிவு போதும் என்று சொன்னதாகிவிடும். அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்தப் பிள்ளையும் அப்படி நினைக்கவில்லை. அடுத்த மாதம் படகேறிப் போய், நான்கு தடவை அலைந்து, முன்பற்களுக்கு அந்தப் பூச்சுச் சிகிச்சையைச் செய்துகொண்டார். கிரவுண் போடவில்லை. உற்றுப் பார்த்தால் ஓரங்களிலே பழைய நிறம் இன்னும் தெரியும். "மேடையில துணிஞ்சு பேசினீர்தானே, பிறகு ஏன் பிள்ளை?" என்று கேட்டேன். "அண்டைக்கு ஒருநாள் துணிஞ்சன் சேர். ஒவ்வொரு நாளும் துணிய ஏலாதுதானே" என்றார்.

நேயர்களே, அழகுப் பல் சிகிச்சை ஆடம்பரம் என்று பேசுகிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த மறுமொழியை நான் எந்த நூலிலும் படிக்கவில்லை. கடைக்குப் போகவும், நேர்முகப் பரீட்சைக்குப் போகவும், கலியாண வீட்டில் நிற்கவும் ஒரு பிள்ளை ஒவ்வொரு நாளும் வீரராக இருக்க வேண்டியதில்லை. அதே வேளை, வெள்ளைப் பல்லில்லாமல் வாழ்வே இல்லை என்று விளம்பரம் சொல்வதையும் நம்பவேண்டியதில்லை.

பெற்றோருக்கு இரண்டொரு வார்த்தை. பிள்ளையின் பல்லிலே கறை கண்டால் அதட்ட வேண்டாம். உமிக்கரியும் உப்பும் போட்டு உரைஞ்ச வேண்டாம், அது எனாமல் என்ற மேற்படையைத்தான் தேய்க்கும். பாடசாலைப் பற்சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். வன்னிப் பக்கம் குடியிருக்கின்றவர்கள் கிணற்று நீரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சேகரித்த மழைநீரோ சுத்திகரித்த நீரோ கொடுங்கள். ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று. வாயைப் பொத்திக்கொண்டு பேசுகின்ற பிள்ளையின் கையை எடுக்கச் சொல்லாதீர்கள். ஏன் பொத்துகின்றது என்று தனியே கூப்பிட்டுக் கேளுங்கள்.

அந்த மாணவி இப்போது பல்கலைக்கழகத்திலே படிக்கின்றார். சென்ற மாதம் அவருடைய தமையனாரின் குழந்தைக்குப் பல்லுக்கொழுக்கட்டை. எனக்கும் அழைப்பு வந்தது. கொழுக்கட்டை சொரியும்போது பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர்தான். யாரோ படம் எடுத்தார்கள். அந்தப் படத்திலே குழந்தைக்கு ஒரு பல், அவருக்கு ஒரு வரிசைப் பல், பின்னால் நிற்கின்ற எனக்கு ஒரு பொய்ப்பல். மூவரும் வாய் திறந்து சிரிக்கின்றோம்.